மலைகளுக்கு மேலே பலூனில்: ஷாத்தோ-டே பறப்புக்குத் தயாராவது எப்படி

பலூன் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்பவர்களிடம், முதலில் நாட்களை எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்கிறேன். தொப்பியும் கையுறையும் கடையில் கிடைக்கும். காற்று ஒத்துவராத காலையில் இன்னொரு காலை எந்தக் கடையிலும் கிடைக்காது. மலைப் பள்ளத்தாக்கில் பறக்க விரும்புகிறவர் கைவசம் குறைந்தது மூன்று வெற்று நாட்களாவது வைத்திருக்க வேண்டும். அம்மாவுடன் நான் பறந்தது நான்காவது முயற்சியில். முதல் மூன்று முறையும் காற்று சரியில்லை என்று திரும்பி வந்தோம். அந்த மூன்று தோல்விகளும் கற்றுத் தந்தவைதான் இந்த வழிகாட்டியில் பெரும்பாலும் இருக்கின்றன.

நான் எழுதுவது சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-டே பற்றி. பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்தில், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், சரீன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கும் சிறிய ஊர். 1979 முதல் ஜனவரி இறுதியில் அங்கே பன்னாட்டு பலூன் விழா நடந்து வருகிறது. 1999 மார்ச் 1 அன்று பெர்ட்ரான் பிக்காரும் பிரையன் ஜோன்ஸும் பிரைட்லிங் ஓர்பிட்டர் 3 என்ற பலூனில் இந்த ஊரிலிருந்துதான் எழும்பினார்கள். எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்தியப் பாலைவனத்தில் இறங்கினார்கள். அதுவரை பலூனில் யாரும் அதைச் செய்ததில்லை. ஆல்ப்ஸ் மலைகளில் முதன்முறை பலூன் ஏற நினைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முதற்படி: பருவத்தைத் தெரிவு செய்தல்

விடுமுறை கோடையில்தான் கிடைக்கும் என்பதால் பலரும் ஜூலை, ஆகஸ்டில் போக நினைக்கிறார்கள். முடிந்தால் குளிர்காலத்தில் போங்கள். காரணம் பலூனின் இயல்பிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அதனால்தான் பலூன் எழும்புகிறது. வெளியே எவ்வளவு குளிரோ, அவ்வளவு தூக்குவிசை. ஷாத்தோ-டே உயரத்தில் 3000 கன மீட்டர் பலூன் ஒன்றின் உட்காற்றை 100 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால், வெளியே 0 பாகையாக இருக்கும் காலையில் அது ஏறத்தாழ 900 கிலோவைத் தூக்கும். வெளியே 25 பாகை என்றால் 630 கிலோ அளவில் நின்றுவிடும். துணி, கூடை, பர்னர், எரிவாயு உருளைகள், ஆட்கள் எல்லாம் இந்த எடைக்குள் அடக்கம். பதிவு செய்யும்போது உங்கள் எடையைக் கேட்பது இதற்காகத்தான். குளிர்கால உடுப்பும் சப்பாத்தும் சேர்த்து உண்மையான எடையைச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்வது ஆறு பேர் செய்தால் முப்பது கிலோவாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் வெயில் மலைச்சரிவுகளைச் சூடாக்க, அங்கிருந்து வெப்பக் காற்று குமிழ் குமிழாக மேலெழும். பலூனுக்கு அது ஆகாது. எனவே கோடையில் விடியும் முன்பே எழுந்து போய், வெயில் ஏறும் முன் இறங்கிவிட வேண்டும். பனி மூடிய ஜனவரியில் அந்தக் கொதிப்பு இல்லை. காலை ஒன்பது, பத்து மணிக்குக்கூட அமைதியாகப் பறக்கலாம். வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய ஆறுதல்.

விழா நாட்களில் போவதா என்றால், பார்க்க வேண்டுமானால் போங்கள். வெண்பனிக்கு மேலே பல நாட்டுப் பலூன்கள் ஒரே காலையில் எழும்பும் காட்சியை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆனால் தங்குமிடம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பறப்பது மட்டுமே நோக்கம் என்றால் விழாவுக்கு முன்போ பின்போ வரும் சாதாரண வாரம் நல்லது.

பதிவு

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. சுவிஸ் கூட்டாட்சி சிவில் விமானப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியுள்ள நிறுவனமா என்று பாருங்கள். ரத்தானால் பணம் திரும்புமா, இன்னொரு நாள் மட்டும் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். பயணத்தின் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், கடைசி நாளுக்கு ஒருபோதும் வேண்டாம். முதல் நாள் ரத்தானால் அடுத்த நாள் இருக்கும். கடைசி நாள் ரத்தானால் விமான நிலையம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் பயணக் காப்புறுதியில் வான் விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று சிறிய எழுத்தையும் வாசித்துப் பாருங்கள்.

வானம் நீலமாக இருந்தும் ஏன் பறக்கவில்லை?

எங்கள் இரண்டாவது ரத்தில் நான் கோபப்பட்டேன். மேகத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. குளிரும் குறைந்து, கூரைகளிலிருந்து பனி உருகிச் சொட்டியது. இவ்வளவு நல்ல நாளை விடுகிறார்களே என்று நினைத்தேன். அந்த இதமான வெப்பம்தான் ஆபத்தின் அடையாளம் என்று பிறகு புரிந்தது. அதன் பெயர் ஃபோன் (Föhn) காற்று. ஆல்ப்ஸின் தென்புறம் ஏறி, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, வடபுறச் சரிவில் இறங்கும்போது அது வறண்டு சூடேறுகிறது. தரையில் நிற்பவருக்குச் சுகம். ஆனால் சிகரங்களின் பின்னால் அது சுழித்துக்கொண்டு இறங்கும். அந்தச் சுழிக்குள் அகப்பட்ட பலூனை விமானியால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் பலூனுக்குத் திசைமாற்றும் சுக்கான் கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே அவர் கையில் இருக்கின்றன.

பக்கவாட்டில் போவதற்கு அவர் காற்றின் அடுக்குகளைத் தேடுகிறார். மலைப் பள்ளத்தாக்கில் இது அழகான கணக்கு. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து, ஆறு போகும் வழியே கீழ்நோக்கி வழியும். பகலில் வெயில் பட்டதும் அது திரும்பி மேல்நோக்கி ஏறும். இவற்றுக்கு மேலே, சிகர மட்டத்தில், முற்றிலும் வேறு திசையில் இன்னொரு காற்று. ஒன்றில் போய், உயரத்தை மாற்றி, மற்றொன்றில் திரும்புகிறார்கள். ஷாத்தோ-டே பலூன்காரர்களின் ஊரானதற்குக் காரணம், சுற்றியுள்ள மலைத்தொடர்கள் பெருங்காற்றைத் தடுத்து, அடிப்பள்ளத்தில் இந்த மெல்லிய காற்றுகளை மட்டும் விட்டுவைப்பதுதான்.

ஆகவே விமானி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். உலகைச் சுற்றியவர்களும் இதே ஊரில் காத்திருந்தவர்கள்தான். 1997 ஜனவரியில் எழும்பிய முதல் ஓர்பிட்டர் சில மணி நேரத்தில் மத்தியதரைக் கடலில் இறங்கியது. 1998 இல் இரண்டாவது பர்மா வரை போனது. மூன்றாவது முறை, வானிலையாளர்கள் சரியான காற்று என்று சொல்லும் நாளுக்காகக் குளிர்காலத்தின் கடைசி வரை காத்திருந்தார்கள். அந்த நாள் மார்ச் 1 ஆக அமைந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

கூடையில் இருக்கை இல்லை. ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். தரையில் தயாராகும் நேரத்தையும் சேர்த்தால் பனியில் மூன்று மணி நேரம். முழங்கால், இடுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள். இறங்கும்போது வரும் உலுக்கல்தான் காரணம். பிள்ளைகளுக்கு வயதைவிட உயரம் முக்கியம்: கூடையின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கக்கூடிய உயரம் வேண்டும்.

பள்ளத்தாக்குப் பறப்புகள் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் வரை போகலாம். நுவரெலியா 1868 மீட்டர். அந்த மலைப்பாதையில் காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் திறப்பது போலத்தான் இங்கேயும் இருக்கும். சளி, காதுவலி இருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள். ஆல்ப்ஸையே கடந்து இத்தாலிக்குப் போகும் நீண்ட பறப்புகள் வேறு வகை. அவை நாலாயிரம் மீட்டரைத் தாண்டுவதால் ஒட்சிசன் தேவைப்படும். முதல் பறப்பாக அதைத் தெரிவு செய்ய வேண்டாம்.

உயரத்தைக் கண்டால் பயம் என்று சொல்கிறவர்கள் ஏராளம். மாடி விளிம்பில் தலை சுற்றும் பலருக்கும் பலூனில் சுற்றுவதில்லை. காலடியிலிருந்து தரைவரை இறங்கும் சுவர் எதுவும் கண்ணுக்கு அளவுகோலாக இல்லாததால் இருக்கலாம். அம்மா எங்கள் மூன்றாம் மாடி பல்கனியில் விளிம்புக்கே போக மாட்டார். கூடையில் முதல் பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்தார், பிறகு மூடவே இல்லை.

உடுப்பு, முக்கியமாகக் கால்

எங்கள் முதல் முயற்சியில் நான் சாதாரணத் தோல் சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போட்டுப் போனேன். பறக்கவே இல்லை, காற்றுக்காக ஒரு மணி நேரம் பனியில் நின்றோம், அவ்வளவுதான். காலுறை நனைந்து, விரல்கள் மரத்துப் போயின. பக்கத்தில் நின்ற அம்மா, “தம்பி, கால் விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை” என்றார். அவருக்கும் அதே வகைக் காலுறையைத்தான் நான் வாங்கிக் கொடுத்திருந்தேன். அன்று மிகவும் வருந்தினேன்.

பலூனில் குளிர் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. மேலே போனதும் காற்று முகத்தில் அறையும் என்று நினைப்போம். அறையாது. பலூன் காற்றோடு சேர்ந்தே போகிறது. கூடைக்குள் ஒரு மெழுகுவர்த்தியின் சுடர்கூட அசையாத அமைதி. தலைக்கு மேலே பர்னர் எரியும்போதெல்லாம் உச்சி சுடும். உயரமானவர்களுக்குத் தொப்பி குளிருக்காக அல்லாமல் சூட்டுக்காகவே தேவைப்படும். தெளிந்த குளிர்காலக் காலையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி நிற்பதால், மேலே ஏறும்போது குளிர் கூடாமல் குறைவதும் உண்டு. உண்மையான குளிர் தரையில், காத்திருக்கும் நேரத்தில், காலில்தான்.

எனவே நீர் புகாத, கணுக்காலுக்கு மேலே ஏறும், அடிப்பகுதி தடித்த சப்பாத்து. உள்ளே கம்பளிக் காலுறை, விரல்கள் அசைய இடம் விட்டு. இரண்டு காலுறை போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். பையில் ஒரு சோடி உலர்ந்த காலுறை கட்டாயம். மேலே அடுக்கடுக்காக உடுத்துங்கள்: உடம்போடு ஒட்டிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். கையுறை மெல்லியதாக இருக்கட்டும். கூடையின் கயிற்றுப்பிடியைப் பிடிக்க விரல் மடங்க வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்துவதால் குளிர்கண்ணாடியும் வேண்டும்.

சேலை பற்றி ஒரு வார்த்தை. அம்மா சேலையில்தான் வருவேன் என்றார். எனக்கும் அவரைச் சேலையில் அந்தப் பனியின் நடுவே பார்க்க ஆசை. ஆனால் கூடைக்குக் கதவு இல்லாமல் இருக்கலாம்; பக்கச் சுவரில் விட்டிருக்கும் துளைகளில் காலை வைத்து, ஏறத்தாழ நெஞ்சளவு விளிம்பைத் தாண்ட வேண்டும். தலைக்கு மேல் நெருப்பு, தோளில் பறக்கும் முந்தானை. அது செயற்கை இழை என்றால் யோசிக்கவே வேண்டாம். கடைசியில் நீளக் காற்சட்டையும் ஸ்வெட்டரும் போட்டு, தன் பழைய கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். இலகுவாக ஏறினார்.

வீட்டில் ஓர் ஒத்திகை

இறங்கும் நிலையை முன்பே பழகிக்கொள்ளுங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்ட ஆயத்தம் இதுதான். விமானி பறக்கும் முன் விளக்குவார், பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ. அந்த மொழிகள் சரளமில்லாத பெற்றோருக்கு அவசரத்தில் மொழிபெயர்த்துச் சொல்வது கடினம்.

பொதுவான முறை இது: போகும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முதுகைக் கூடையின் சுவரோடு அழுத்துங்கள். முழங்காலைச் சற்று மடக்குங்கள், கால்களைச் சேர்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் கயிற்றுப்பிடியை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். விளிம்பை வெளிப்புறமாகப் பிடிக்கவே கூடாது. கூடை சாய்ந்தாலும் கையை விட வேண்டாம். நாங்கள் முந்திய இரவு வரவேற்பறைச் சுவரில் சாய்ந்து நின்று, நான் “இப்போது” என்றதும் அம்மா முழங்காலை மடக்கிப் பத்து முறை பழகினோம். கூடையின் அமைப்பைப் பொறுத்து விமானி சிறு மாற்றம் சொல்லலாம். அவர் சொல்வதே முடிவு.

பறக்கும் காலை

இலேசாகச் சாப்பிடுங்கள். கழிவறைக்குப் போய்விட்டே புறப்படுங்கள், மேலே வழியில்லை. மது முந்திய இரவிலேயே வேண்டாம். கைத்தொலைபேசியை வெளிப்பையில் வைத்தால் குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். கமராவுக்குக் கழுத்துப்பட்டி இருக்கட்டும்.

திடலில் விமானி கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு சின்ன ஹீலியம் பலூனை மேலே விட்டு, அது போகும் வழியை அண்ணாந்து பார்ப்பார். அவர் முகத்தைப் பாருங்கள். பறப்போமா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு கூடை சரித்து வைக்கப்படும், துணி பனியில் விரிக்கப்படும். பெட்ரோல் இயந்திர விசிறி குளிர்காற்றை உள்ளே தள்ள, துணி மூச்சு வாங்குவது போல எழும்பும். பாதி நிறைந்ததும் பர்னரின் சுவாலை உள்ளே பாயும், பலூன் நிமிரும். விசிறியின் பக்கம் போகாதீர்கள். சால்வை நுனி, தலைமுடி, பைப்பட்டி எதுவும் அதன் அருகே தொங்கக் கூடாது. எரிவாயு உருளைகள் சிலவற்றுக்கு உறை போட்டிருப்பதைக் காணலாம். கடுங்குளிரில் புரொப்பேனின் அழுத்தம் குறைந்து சுவாலை சோர்ந்துவிடும் என்பதால் அவற்றைச் சூடு குறையாமல் வைத்திருக்கிறார்கள், அல்லது நைதரசன் சேர்த்து அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

ஏறச் சொன்னதும் தாமதிக்காமல் ஏறுங்கள். நிமிர்ந்த பலூன் காற்றில் திமிறிக்கொண்டு நிற்கும்.

மேலே

தரை விலகுவது தெரியாது. பக்கத்தில் நின்ற உதவியாளரின் தொப்பி சின்னதாவதைப் பார்த்துத்தான் எழும்பிவிட்டோம் என்று புரிந்தது. பர்னர் ஓயும் இடைவெளியில் கீழிருந்து நாய் குரைப்பதும், தேவாலய மணியும், மோந்த்ரூ பக்கமிருந்து வரும் ரயிலின் சக்கர ஓசையும் துல்லியமாக ஏறி வந்தன. நாங்கள் சிகரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, விமானி வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகைபோக்கிகளின் புகை நேராக எழுகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்தார். ஒருமுறை விளிம்புக்கு வெளியே எச்சில் துப்பி, அது கீழே விலகிப் போகும் திசையைக் கூர்ந்து பார்த்தார். கீழடுக்குக் காற்றை அறியப் பலூன்காரர்களின் பழைய வழி அது.

முதல் கால்மணி நேரம் படம் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லே தியாப்லெரே மலைமுடியும், தெளிந்த நாளில் தூரத்தில் மோன் பிளாங்கும் எங்கும் போகப் போவதில்லை.

இறக்கம்

மலையில் இறங்குமிடங்கள் குறைவு. சரிவும் காடும் ஆற்றோரமும் போக எஞ்சுவது சில வயல்களே. மின்கம்பிகளும் கம்பிவட ஊர்திகளின் கம்பிகளும் குறுக்கே கிடக்கும். அதனால் நல்ல வயல் ஒன்று கண்ணில் பட்டதும் விமானி வேகமாகவே இறக்குவார். கமராவை உள்ளே வைக்கச் சொன்னதும் வைத்துவிடுங்கள், கடைசிப் படம் ஒன்று என்று ஆசைப்படாதீர்கள். எங்கள் கூடை பனியைத் தொட்டு, ஒருமுறை துள்ளி, இருபது மீட்டரளவு வழுக்கிச் சென்று நின்றது. பழகியிருந்த அம்மா முழங்காலை மடக்கியபடி, பிடியை விடாமல் இருந்தார்.

நின்றதும் வெளியே குதிக்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் அறுபது, எழுபது கிலோ குறைகிறது. உள்ளே இன்னும் சூடு இருப்பதால் பலூன் மற்றவர்களோடு மீண்டும் எழும்பலாம். விமானி பெயர் சொல்லி அழைக்கும் வரை காத்திருங்கள்.

பலூனைத் தரைவழியே பின்தொடரும் வண்டி வந்து சேர நேரமாகும். பாதையிலிருந்து விலகி இறங்கினால் முழங்காலளவு பனியில் நடக்கவும் நேரலாம். திரும்பும் ரயிலுக்கு நெருக்கமாக நேரம் வைக்காதீர்கள். உலர்ந்த காலுறையை இப்போது மாற்றிக்கொள்ளுங்கள், சூடான தேநீர் குடுவை இருந்தால் இப்போது திறவுங்கள். பிறகு துணியைச் சுருட்டக் கை கொடுங்கள். உள்ளே சிக்கியிருக்கும் காற்றை ஆட்கள் மேலே படுத்தும் உட்கார்ந்தும்தான் வெளியேற்றுவார்கள். அம்மாவை ஓய்வாக நிற்கச் சொன்னேன். கேட்கவில்லை. சால்வையை இறுக்கிக்கொண்டு போய் அந்த மஞ்சள் துணியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காற்று புஸ்ஸென்று இறங்க இறங்க, இரண்டு கைகளாலும் துணியைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.